தள்ளுபடின்னா அப்பீல் இருக்கு... நிறுத்தி வெச்சா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் வக்கீல் இல்லை. சட்டப் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கிற ஒரு கெட்ட பழக்கம் உள்ள ஆள், அவ்ளோதான். இதைப் படிச்சுட்டு யாரும் நேரா கோர்ட்டுல போய் நின்னுடாதீங்க :-)

சிவில் வழக்குல தோத்துட்டா மேல்முறையீடு உண்டு, எல்லாருக்கும் தெரியும். உங்க பிராதையே முதல் வாசல்ல நிராகரிச்சாலும் மேல்முறையீடு உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் (இனிமே சி.பி.சி.ன்னே சொல்றேன்) 2(2)-ஆம் பிரிவு, பிராதை நிராகரிக்கிறதும் ஒரு டிக்ரிதான்னு சொல்லுது. டிக்ரின்னா 96-ஆம் பிரிவுல முதல் மேல்முறையீடு, உரிமையாவே கிடைக்கும். யாரையும் கெஞ்ச வேண்டாம்.

ஆனா "இதே விவகாரத்துல ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கு, நீங்க போட்டது கோர்ட் நடைமுறையைத் துஷ்பிரயோகம் பண்றது, அதனால உங்க வழக்கை நிறுத்தி வைக்கிறேன்" என்று கீழ்கோர்ட் ஒரு உத்தரவு போட்டுதுன்னு வையுங்க. தோக்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. பிராது அப்படியே இருக்கு, நம்பர் இருக்கு, கட்டின கோர்ட் ஃபீஸ் இருக்கு. விசாரணை மட்டும் கிடையாது. இந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய சி.பி.சி.யில ஒரு வரி கூட இல்லை. இது தப்பு, சட்டத்தைத் திருத்தணும் என்பதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

எங்க ஏரியாவுல இருக்கறவங்களுக்கு இது புத்தக விஷயம் இல்லை. ஊரப்பாக்கம், காரணைப்புதுச்சேரி, நந்திவரம் பக்கம் 90-களில் லேஅவுட் போட்டு மனையா வித்த இடங்கள் ஏராளம். வாங்கினவங்க பாதிப் பேர் வடபழனியிலயும் பம்பாயிலயும் துபாயிலயும் இருந்தாங்க. நாலு மூலையில கல்லு நட்டுட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து முள்ளு வெட்டிட்டுப் போவாங்க. நடுவுல பழைய பவர் பத்திரத்தை வெச்சு அதே மனையை இன்னொருத்தருக்கு வித்த கதைகள் தெருவுக்கு ஒண்ணு கிடைக்கும். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறந்தாங்க. அதுக்கப்புறம் அதுவரைக்கும் சும்மா கிடந்த மனைக்கெல்லாம் திடீர்னு ரெண்டு ரெண்டு முதலாளி. "இந்த இடம் வழக்கில் உள்ளது, வாங்கி ஏமாறாதீர்" ஃபிளெக்ஸ் போர்டு, பக்கத்திலேயே ரியல் எஸ்டேட்காரர் ஃபிளெக்ஸ். ரெண்டையும் அடிச்சுக் கொடுத்தவர் ஒரே ஆளாத்தான் இருப்பார்.

எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு சார் இருக்கார். பேர் வேண்டாம், கோர்ட் பேரும் வேண்டாம். மனை அவரோடது, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தமா இருக்கு. ரெண்டாவதா அதே மனையை வாங்கின பார்ட்டி முந்திக்கிட்டு ஒரு வழக்கு போட்டுட்டார். "என் அனுபவத்துல இருக்கிற இடத்துல இவர் நுழையக்கூடாது" என்று வெறும் தடையாணை மட்டும் கேட்டு. சார் பதிலுக்கு, உரிமை விளம்புகைக்கும் சுவாதீனத்துக்கும் முறைப்படி முழு கோர்ட் ஃபீஸ் கட்டி வழக்கு போட்டார். உடனே அந்தப் பக்கம் ஒரு ஐ.ஏ. "முதல் வழக்கு நிலுவையில் இருக்கும்போது இது துஷ்பிரயோகம், 10-ஆம் பிரிவுப்படியும் 151-ஆம் பிரிவுப்படியும் நிறுத்தி வைக்கணும்." கோர்ட் ஒரு பக்க உத்தரவுல நிறுத்தி வெச்சிடுச்சு.

இப்போ வேடிக்கையைப் பாருங்க. முதல் வழக்குல வாதி யாரு? எதிராளி. அவருக்கு அவசரமா? இல்லை. வாய்தா, வாய்தா, சாட்சி வரலை, வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. ரெண்டு வழக்கோட கடிகாரமும் அவர் கையில. சார் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லை, வழக்கு "இருக்கு" என்பதைத் தவிர. "நான் தோத்திருந்தா கூட பரவாயில்லப்பா, மேல போயிருப்பேன்" என்று அவர் என்கிட்ட சொன்னப்பதான் நான் இந்தப் பிரிவுகளை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன்.

சரி, 10-ஆம் பிரிவு என்ன சொல்லுது? அதே தரப்பினருக்கு நடுவுல, அதே விஷயம் நேரடியாகவும் முக்கியமாகவும் எழுவினாவா உள்ள ஒரு வழக்கு முன்னாடியே தகுதியுள்ள கோர்ட்டுல நிலுவையில் இருந்தா, பின்னால வந்த வழக்கை விசாரிக்கக் கூடாது. நல்ல பிரிவுதான். ஒரே சண்டையை ரெண்டு கோர்ட் கேட்டு ரெண்டு விதமா தீர்ப்பு சொன்னா நாறிடும். அதுக்குப் பரிசோதனையும் எளிமை: முதல் வழக்குல வர்ற தீர்ப்பு ரெண்டாவது வழக்கை முன்தீர்ப்புத் தடையா கட்டுப்படுத்துமா? ஆமான்னா நிறுத்து. இல்லைன்னா நடத்து.

பிரச்சினை எங்கேன்னா, 10-ஆம் பிரிவுல அடங்காத வழக்கையும் 151-ஆம் பிரிவு (கோர்ட்டோட இயல்பான அதிகாரம்) என்கிற பெரிய கோணிப்பைக்குள்ள போட்டு, "துஷ்பிரயோகம்" என்று லேபிள் ஒட்டி நிறுத்தறது. இதை உச்ச நீதிமன்றமே தப்புன்னு சொல்லியிருக்கு. பெங்களூர் நிம்ஹான்ஸ் வழக்கு, 2005-ஆம் வருஷத் தொகுப்புகள்ல இருக்கு. நிறுவனம் தன் ஊழியர் மேல பணத்தைத் திருப்பிக் கேட்டு சிவில் வழக்கு போட்டுது. அதே ஊழியரோட வேலை நீக்கம் பத்தி தொழிலாளர் நீதிமன்றத்துல தனியா ஒரு விவகாரம். உயர் நீதிமன்றம் சிவில் வழக்கை நிறுத்தி வெச்சுது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு: ரெண்டு வழக்கோட மொத்த விஷயமும் ஒண்ணா இருந்தாத்தான் 10-ஆம் பிரிவு, அது பொருந்தாதப்போ 151-ஐ வெச்சு அதே காரியத்தைக் கொல்லைப்புறமா பண்ணக்கூடாது.

நம்ம சென்னை தலைமையகம் உள்ள இந்தியன் வங்கியும் இதே மாதிரி ஒரு சுத்து சுத்தி வந்திருக்கு. மகாராஷ்டிரா கூட்டுறவு விற்பனைக் கூட்டமைப்பு மேல வங்கி பம்பாயில ஒரு சுருக்கமுறை வழக்கு போட்டுது. கூட்டமைப்பு அதுக்கு முன்னாடியே வங்கி மேல ஒரு வழக்கு போட்டிருந்தது. அதைக் காட்டி நிறுத்தி வைக்கக் கேட்டாங்க. தனி நீதிபதி மறுத்தார், ரெண்டு நீதிபதி அமர்வு அதை மாத்தி நிறுத்தி வெச்சாங்க, 1998-ல் உச்ச நீதிமன்றம் வங்கி பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. சுருக்கமுறை வழக்குல பிரதிவாதிக்கு வாதாட அனுமதி கொடுக்கிற கட்டம் வரைக்கும் 10-ஆம் பிரிவு குறுக்கே வராது என்று. அந்தத் தீர்ப்புல நம்மாளுங்களுக்கு இன்னொரு உபயோகமான சமாச்சாரமும் இருக்கு, கடைசியில சொல்றேன்.

எங்க தெரு சார் விஷயத்துல இன்னும் கொடுமை. 2008-ல் அனதுல சுதாகர் வழக்குல உச்ச நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கு? வெறும் தடையாணை வழக்குல உரிமை (டைட்டில்) சாதாரணமா நேரடி எழுவினா ஆகாது. உரிமையே சந்தேகத்துல இருந்தா விளம்புகை கேட்டு வழக்கு போடு என்று. அதாவது மேல்கோர்ட் "இப்படி ஒரு வழக்கு போடு"ங்குது, போட்டா கீழ்கோர்ட் "இது துஷ்பிரயோகம்"ங்குது. மனுஷன் எங்க போவான்?

மேலதான் போவான். அங்கதான் சிக்கல்.

சி.பி.சி. 104-ஆம் பிரிவும் 43-ஆவது ஆர்டரும்தான் எந்தெந்த இடைக்கால உத்தரவுக்கு மேல்முறையீடு உண்டுன்னு சொல்ற பட்டியல். தடையாணை கொடுத்தாலும் மறுத்தாலும் மேல்முறையீடு உண்டு. ரிசீவர் போட்டா உண்டு. பிராதை வேற கோர்ட்டுல போடச் சொல்லி திருப்பிக் கொடுத்தா உண்டு. வழக்கை நிறுத்தி வெச்சா? பட்டியல்ல இல்லை.

104-ல் என்ன இருக்கு தெரியுமா? 35ஏ பிரிவு உத்தரவு. பொய்யான, வம்பு வழக்கு போட்டவர் எதிராளிக்கு நஷ்ட ஈட்டுச் செலவு தரணும்னு கோர்ட் போடற உத்தரவு அது. அதோட உச்சவரம்பு 3,000 ரூபாய். ஆமாங்க, மூவாயிரம். அந்த மூவாயிரம் ரூபாயைக் கட்டச் சொன்னா, "நான் கட்டமாட்டேன்" என்று மேல்முறையீடு போக சட்டம் தனியா ஒரு உட்பிரிவே போட்டுக் கொடுத்திருக்கு. நாற்பது லட்ச ரூபாய் மனை வழக்கைத் தூங்கப் போட்டா அதுக்கு மேல்முறையீடு இல்லை. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா சிரிப்பு வருதா அழுகை வருதான்னு தெரியலை.

அப்போ சீராய்வு மனு? 115-ஆம் பிரிவு. முன்னாடி அதுல ஒரு வழி இருந்தது. "இந்த உத்தரவு அப்படியே நின்னா நீதி தவறிடும் அல்லது ஈடு செய்ய முடியாத பாதிப்பு வரும்" என்று காட்டினா உயர் நீதிமன்றம் உள்ளே வரலாம். 1999-ல் கொண்டுவந்து 2002 ஜூலை 1 முதல் அமலான திருத்தத்துல அந்த வரியை எடுத்துட்டாங்க. இப்போ, "உத்தரவு உங்களுக்குச் சாதகமா வந்திருந்தா அதோட மொத்த வழக்கும் முடிஞ்சிருக்கணும்" என்கிற நிபந்தனைதான் பாக்கி. நிறுத்தி வைக்கச் சொன்ன மனு தள்ளுபடியாகியிருந்தா வழக்கு முடிஞ்சிருக்குமா? இல்லை, ஆரம்பிச்சிருக்கும். ஆக அந்தக் கதவும் சாத்தியாச்சு. வழக்கு சீக்கிரம் முடியணும்னு கொண்டுவந்த திருத்தம், நின்னுபோன வழக்கைக் கிளப்பற வழியைத்தான் முதல்ல அடைச்சுது.

மிச்சம் இருக்கிறது அரசியல் சாசனம் 227. உயர் நீதிமன்றத்தோட மேற்பார்வை அதிகாரம். 2002 திருத்தம் அதைத் தொடலைன்னு 2003-ல் சூர்ய தேவ் ராய் வழக்குல சொல்லிட்டாங்க. நல்லதுதான். ஆனா 227 என்பது உரிமை இல்லை. கோர்ட் விருப்பப்பட்டா தலையிடும். கீழ்கோர்ட் தன் எல்லையைத் தாண்டிச்சா, அப்பட்டமா தப்பு பண்ணுச்சா என்றுதான் பார்க்கும். சாதாரணத் தப்பைத் திருத்த வரமாட்டேன்னு 2010 ஷாலினி ஷெட்டி தீர்ப்புல தெளிவா வரையறுத்துட்டாங்க. மேல்முறையீட்டுல "இந்த உத்தரவு தப்பு"ன்னு காட்டினா போதும். 227-ல் "இந்த உத்தரவு தாங்கவே முடியாத தப்பு"ன்னு காட்டணும். இந்த வித்தியாசத்துல எத்தனையோ பேரோட வழக்கு மாட்டிக்கிட்டு நிக்குது.

நிற்க. இதே உத்தரவை சென்னை உயர் நீதிமன்றத்தோட ஒரிஜினல் சைடுல ஒரு தனி நீதிபதி போட்டிருந்தா கதை வேற! அங்க லெட்டர்ஸ் பேட்டன்ட் 15-ஆவது கூறு இருக்கு. தனி நீதிபதியோட "தீர்ப்பு"க்கு ரெண்டு நீதிபதி அமர்வு முன்னாடி மேல்முறையீடு. எதெல்லாம் "தீர்ப்பு" என்று 1981-ல் ஷா பாபுலால் கிம்ஜி வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு உதாரணப் பட்டியலே போட்டுது. அந்தப் பட்டியல்ல 10-ஆம் பிரிவுல வழக்கை நிறுத்தி வைக்கிற, நிறுத்த மறுக்கிற உத்தரவு பேர் சொல்லியே இருக்கு. அதாவது மாநகர எல்லைக்குள்ள பெரிய தொகைக்கு ஒரிஜினல் சைடுல வழக்கு போட்டவருக்கு மேல்முறையீடு உண்டு. வண்டலூர் தாண்டி முன்சீப் கோர்ட்டுல போட்டவருக்கு இல்லை. ஒரே பிரிவு, ஒரே வார்த்தை, ஒரே பாதிப்பு. அங்க இருக்கற நீதிபதி அனுபவம் கூடினவர், அவர் உத்தரவையே ரெண்டு பேர் திரும்பப் பார்க்கறாங்க. முன்சீப் உத்தரவைப் பார்க்க ஆளில்லை. இது எந்த ஊர் நியாயம்? (வணிக வழக்குகளுக்கு 2015-ல் தனிச்சட்டம் வந்து அங்கேயும் 43-ஆவது ஆர்டர் பட்டியலுக்கு உள்ளதான் மேல்முறையீடுன்னு சுருக்கிட்டாங்க. அது தனிக் கதை.)

இந்த இடத்துல எதிர்க்கட்சியையும் சொல்லணும். துஷ்பிரயோகம் என்பது கற்பனை இல்லை. 1977-ல் பெங்களூர்ல இருந்து ஒரு குடியிருப்பு வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. காலி பண்ணச் சொன்ன உத்தரவு உயர் நீதிமன்றம் வரைக்கும் உறுதியாகி, அவகாசமும் வாங்கினதுக்கு அப்புறம், "அந்த உத்தரவே மோசடி"ன்னு புதுசா ஒரு வழக்கு, அது ஆகலைன்னா வேற முன்சீப் கோர்ட்டுல இன்னொண்ணு. கிருஷ்ணய்யர் காய்ச்சி எடுத்துட்டார். இப்படிப்பட்ட பிராதை 7-ஆவது ஆர்டர் 11-ஆவது ரூல்ல முளையிலேயே கிள்ளணும், 10-ஆவது ஆர்டர்ல வாதியைக் கூப்பிட்டு நேரடியா விசாரிக்கணும், வக்கீல்களுக்கும் பொறுப்பு இருக்கு என்று. 1998-ல் மோடி குடும்பச் சொத்து வழக்குல (அந்த மோடி இல்லீங்க, தொழிலதிபர் குடும்பம்!) ஒரு தடவை வாதாடி முடிஞ்சதையே வேற சட்டை போட்டுக் கொண்டுவர்றது துஷ்பிரயோகம்தான், முன்தீர்ப்புத் தடை அச்சு அசலா பொருந்தாட்டியும் கூட, என்று சொன்னாங்க. அந்த அதிகாரத்தை ரொம்ப ஜாக்கிரதையா எடுக்கணும்னும் சேர்த்துத்தான் சொன்னாங்க. அதை மட்டும் ஐ.ஏ.வுல யாரும் எடுத்துப் போடமாட்டாங்க.

எங்க ஏரியாவுலயே, விக்கப்போற மனை மேல சும்மா ஒரு வழக்கைப் போட்டு, போர்டு நட்டு, "செட்டில்மென்ட்" பேச வர்ற கோஷ்டி உண்டு. அவங்களுக்குக் கடிவாளம் வேணும். நான் வேண்டாங்கலை.

தமிழ்நாட்டுக்கு இதுல பழைய பெருமை ஒண்ணும் இருக்கு. வம்பு வழக்கு தடுப்புச் சட்டம், 1949. இங்கிலாந்துல 1896-ல் வந்த சட்டத்தைப் பார்த்து மதராஸ் மாகாணத்துல போட்டது. தொட்டதுக்கெல்லாம் நியாயமில்லாம வழக்கு போடறதே வழக்கமா வெச்சிருக்கற ஆள் மேல அட்வகேட் ஜெனரல் உயர் நீதிமன்றத்துல மனு போடலாம். கோர்ட் அவரைக் கேட்டுட்டு, இனிமே அனுமதி வாங்காம வழக்கு போடக்கூடாதுன்னு உத்தரவு போடலாம். இது அரசியல் சாசனப்படி செல்லும்னு 1965-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்தச் சட்டம் எவ்வளவு நிதானமா இருக்குன்னு பாருங்க. மனு போட அட்வகேட் ஜெனரல், முடிவெடுக்க உயர் நீதிமன்றம், சம்பந்தப்பட்டவரைக் கேட்கணும், அதுக்கப்புறமும் அனுமதி வாங்கி வழக்கு போட வழி. வம்பே தொழிலா வெச்சிருக்கறவனுக்கு இத்தனை பாதுகாப்பு. முதல் தடவையா கோர்ட் படி ஏறின ரிட்டயர்டு ஆசாமிக்கு ஒரு பக்க உத்தரவு.

2025 ஏப்ரல்ல வந்த ஒரு தீர்ப்பைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்துல இருந்து போன வழக்கு. சொத்து சம்பந்தமா கீழ்கோர்ட்டுல ஒரு வழக்கு. பிரதிவாதி அங்கேயே 7-ஆவது ஆர்டர்ல மனு போடாம, நேரா 227-ல் உயர் நீதிமன்றம் போய் பிராதையே தூக்கச் சொன்னார். பினாமி சட்டப்படி செல்லாது என்பது வாதம். உயர் நீதிமன்றமும் தூக்கிடுச்சு. உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி வழக்கைத் திரும்ப உயிர்ப்பிச்சது. காரணம்தான் முக்கியம். கீழ்கோர்ட் பிராதை நிராகரிச்சிருந்தா அது டிக்ரி, வாதிக்கு மேல்முறையீட்டு உரிமை இருந்திருக்கும். குறுக்கு வழியில 227-ல் தூக்கினதால அந்த உரிமையே போயிடுது, அப்படிப் பண்ணக்கூடாது என்று. 2019-ல் விருதுநகர் இந்து நாடார்கள் தர்ம பரிபாலன சபை வழக்குலயும் கிட்டத்தட்ட இதே திசைதான். சி.பி.சி.யில மேல்முறையீடு இருந்தா 227 பக்கம் வராதே என்று.

அப்போ மேல்முறையீட்டு உரிமையைப் பறிக்கிற மாதிரி ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமே சொல்லுது இல்லையா? நான் கேக்கறது அதோட அடுத்த படிதான். நிராகரிக்கறதுக்குப் பதிலா நிறுத்தி வெச்சு, அதே உரிமையைப் பறிக்கலாமா? இதே காரியம்தானே அது, மெதுவா.

வெளியூர்லயும் இது நடந்திருக்கு, பெரிய அளவுல. 2015 நவம்பர் 5, பிரேசில்ல மரியானா பக்கம் ஒரு இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைஞ்சுது. 19 பேர் செத்தாங்க, சேறு டோசி ஆத்துல இறங்கி கடல் வரைக்கும் போச்சு. சுரங்கம் நடத்தின சமார்கோ கம்பெனியில பாதிப் பங்கு பி.எச்.பி.யோடது. பாதிக்கப்பட்டவங்க ரெண்டு லட்சம் பேருக்கு மேல இங்கிலாந்துல போய் சிவில் வழக்கு போட்டாங்க. 2020 நவம்பர்ல அங்கத்த உயர் நீதிமன்ற நீதிபதி, பிரேசில்லயும் வழக்குகள் நடக்குது, இத்தனை பேர் வழக்கை நிர்வகிக்கவே முடியாது, இது நடைமுறைத் துஷ்பிரயோகம்னு அடிச்சுட்டார். அப்படி இல்லாட்டியும் நிறுத்தி வைப்பேன்னும் சேர்த்துச் சொன்னார். அங்க மேல்முறையீட்டுக்கு அனுமதி வேணும். 2021 மார்ச்ல அனுமதி மறுத்துட்டாங்க. சாதாரணமா அதோட கதை முடிஞ்சது. ஆனா அபூர்வமா, அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஜூலையில தன் மறுப்பைத் திரும்பத் திறந்து பார்த்து அனுமதி கொடுத்தது. 2022 ஜூலையில மூணு நீதிபதிகள் மொத்த உத்தரவையும் ரத்து பண்ணாங்க. நிர்வகிக்கக் கஷ்டம் என்பது துஷ்பிரயோகம் ஆகாது, நிறுத்தி வைக்கவும் காரணம் இல்லை என்று. 2024 அக்டோபர்ல விசாரணை ஆரம்பிச்சு, 2025 நவம்பர்ல பி.எச்.பி. பொறுப்புன்னு தீர்ப்பு வந்தது.

யோசிச்சுப் பாருங்க. "துஷ்பிரயோகம்"னு முத்திரை குத்தின அதே வழக்கு, அஞ்சு வருஷம் கழிச்சு ஜெயிச்சிருக்கு. அந்த மேல்முறையீட்டு வாசல் மட்டும் திறக்கலைன்னா?

இதுக்கு முன்னாடி 2000-ல் கேப் கம்பெனி கல்நார் வழக்குலயும் இதே கதை. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள்ல கல்நார் தூசி சுவாசிச்ச 3,000 பேருக்கு மேல லண்டன்ல வழக்கு போட்டு, கோர்ட் நிறுத்தி வெச்சு, மேல்முறையீட்டுலயும் தோத்து, கடைசியில பிரபுக்கள் சபை அந்தத் தடையை எடுத்துச்சு. வழக்கு நடந்திட்டிருந்தப்பவே வாதிகள் ஒவ்வொருத்தரா செத்துக்கிட்டிருந்தாங்க. நிறுத்தி வைக்கிறது "தற்காலிகம்" என்று சொல்றவங்களுக்கு இதைத்தான் காட்டணும்.

என் யோசனைக்கு வர்றேன். 10-ஆம் பிரிவு ரூல் இல்லை, பிரிவு. அதனால 43-ஆவது ஆர்டர்ல உயர் நீதிமன்றம் ஒரு வரி சேர்த்துட்டா போதாது. 104-ஆம் பிரிவையே தொடணும். உரிமையியல் நடைமுறை பொதுப்பட்டியல்ல இருக்கறதால பாராளுமன்றம் பண்ணலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதலோட நம்ம சட்டமன்றமும் பண்ணலாம். "10-ஆம் பிரிவிலோ 151-ஆம் பிரிவிலோ வழக்கை நிறுத்தி வைக்கும் உத்தரவு" என்று ஒரே ஒரு உட்பிரிவு. முன்சீப் போட்டா அடுத்த கோர்ட்டுக்கு மேல்முறையீடு, 30 நாள் கெடு. அதுக்கு மேல இன்னொரு மேல்முறையீடு வேண்டாம். 104(2)-ஆம் பிரிவு அதை ஏற்கெனவே தடுக்குது. ஊரப்பாக்கத்துக்காரன் பாரிமுனைக்கு ஓடாம மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் தாண்டி எலெக்ட்ரிக் ட்ரெயின்ல செங்கல்பட்டு போய் முடிச்சுட்டு வருவான். வக்கீல் ஃபீஸும் அந்த அளவுக்குத்தான்.

"இதனால இன்னும் தாமதம் ஆகும், வம்பு வழக்குக்காரனும் இதே மேல்முறையீட்டைப் பிடிச்சுத் தொங்குவான்" என்று ஒரு வக்கீல் நண்பர் என்கிட்ட சண்டைக்கு வந்தார். நியாயமான பயம்தான். ஆனா கணக்கு போட்டா அது நிக்காது. வம்பு வழக்குக்காரனோட வழக்கைத்தான் ஏற்கெனவே நிறுத்தியாச்சே. அவன் மேல்முறையீடு போட்டா அவன் வழக்கு நடக்கப்போறது இல்லை, எதிராளிக்கு ஒண்ணும் குறையப்போறது இல்லை. நஷ்டம், மாவட்ட கோர்ட்டுல ஒரு ரெண்டு மணி நேரம். அந்தப் பக்கம், தப்பா நிறுத்தின வழக்கு ஒண்ணு திரும்பக் கிளம்பினா ஒருத்தருக்குப் பத்து வருஷம் மிச்சம்.

இதுல தேதி குறிக்கிற யோசனையும் அடிக்கடி வரும். 2018-ல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்குல, மேல்கோர்ட் ஒரு விசாரணைக்குக் கொடுக்கிற தடை ஆறு மாசத்துல தானா காலாவதின்னு உச்ச நீதிமன்றம் சொல்லிப் பார்த்தது. 2024 பிப்ரவரி 29-ல் அஞ்சு நீதிபதி அமர்வு அதை மாத்திட்டாங்க. தானியங்கித் தேதி சரிப்படாது, நியாயமான தடையும் சேர்ந்து போயிடும்னு. எனக்கும் அதுதான் தோணுது. கடிகாரம் வெச்சு நீதி பண்ண முடியாது. உத்தரவை ஒரு மனுஷன் திரும்ப உக்காந்து படிக்கணும். மேல்முறையீடுன்னா அதுதானே.

சட்டம் மாறும் வரைக்கும் மாட்டிக்கிட்டவங்க சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தியன் வங்கித் தீர்ப்புல ஒரு விஷயம் பாக்கி வெச்சேனே, அது இதுதான்: 10-ஆம் பிரிவு தடுக்கிறது "விசாரணை"யை மட்டும்தான். நிறுத்தி வெச்ச வழக்குலயும் தடையாணை, ரிசீவர் மாதிரி இடைக்கால உத்தரவு கேட்கலாம். எதிராளி மனையில கல்லு கொட்டினா "என் வழக்கு ஸ்டேயில இருக்கே"ன்னு கையைக் கட்டி நிக்க வேண்டாம். சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவும் உயிரோடதான் இருக்கும். வழக்கு நிலுவையில இருக்கும்போது வாங்கினவன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவன். அப்புறம், நிறுத்தறதுக்கு மாற்றா ரெண்டு வழக்கையும் ஒண்ணா சேர்த்து விசாரிக்கக் கேட்கலாம்; சிட்டிவலசா ஜூட் மில்ஸ் வழக்குல 2004-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழியைத்தான் காட்டிச்சு. 227-ல் போறதா இருந்தா, "அநியாயம்"னு பொதுவா எழுதாம, முதல் வழக்குத் தீர்ப்பு உங்க வழக்கோட எந்தெந்த எழுவினாவைத் தொடவே தொடாதுன்னு ஒவ்வொண்ணா எழுதச் சொல்லுங்க. நிம்ஹான்ஸ் தீர்ப்பை மறக்காம சேர்க்கச் சொல்லுங்க.

எங்க தெரு சார் சேர்த்து விசாரிக்கச் சொல்லி ஒரு மனு, மேல ஒரு சீராய்வு மனு, ரெண்டும் போட்டிருக்கார். அடுத்த வாய்தா அடுத்த மாசம். முதல் வழக்குல எதிராளியோட வக்கீல் போன தடவையும் வரலையாம்.